எங்கள் ஊர் ஈரக்காற்றின் மேல் பழி போடாதீர்கள்: ரெட்ரோ ஷூ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரெட்ரோ கூடைப்பந்து ஷூக்களை, அதாவது பழைய காலத்து மாடல்களின் மறுதயாரிப்புகளை, இந்தியாவில் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

உங்களில் ஒருவருடைய வாடிக்கையாளர் சேவைப் பிரிவு போன மாதம் எனக்கு ஒரு பதில் அனுப்பியது. வாங்கிச் சில மாதங்களே ஆன ஷூவில் முன்பக்கம் சோல் வாய் பிளந்துவிட்டது என்று படங்கள், பில், பெட்டி லேபிள் எல்லாவற்றையும் இணைத்துப் புகார் செய்திருந்தேன். ஈரப்பதம் அதிகமான இடத்தில் வைத்திருந்ததால் வந்த சேதம், உற்பத்திக் குறை இல்லை, தவிர உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது என்பது பதில். ஷூவை அனுப்பச் சொல்லவில்லை. எங்கே வைத்திருந்தேன், எப்படி வைத்திருந்தேன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முகவரியில் கும்பகோணம் என்று இருந்ததை வைத்தே முடிவு எழுதிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கம் முழுக்க ஷூ சேகரிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. வேறு வேறு நிறுவனங்களிடமிருந்து அவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வந்திருக்கிறது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஈரப்பதம். டெல்டாவில் காற்று ஈரமானது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. டப்பாவில் உப்பு நீர் விட்டுக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் ஷூவைப் பராமரிக்கிறோம். என் அலமாரியில் பெட்டிக்கு ஒரு சிலிக்கா ஜெல் பை இருக்கிறது. மழைக்காலத்தில் அதை அடிக்கடி மாற்றுவேன். மூடியே வைக்காமல் அவ்வப்போது எடுத்து நிழலில் காற்றாட வைப்பேன். அதே அலமாரியில், அதே தட்டில், இதற்கு முன்னால் வாங்கிய ஜோடிகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. அவற்றைப் போட்டு சிமென்ட் கோர்ட்டில் விளையாடியும் இருக்கிறேன். இந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு நான் கோர்ட்டுக்குள் இறங்கியதே இல்லை. ஒரு கல்யாணத்துக்கும் சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் போட்டுக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

பிளந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பசை முழுவதும் சோல் பக்கம் மஞ்சள் படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்தோல் பக்கம் ஒரு பொட்டுப் பசை இல்லை. தோலுக்குக் கொடுத்த வழுவழுப்பான பூச்சு அப்படியே பளபளவென்று இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். என் அப்பா காலத்திலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பவர். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, பிளவை விரலால் விரித்து, ஊசி முனையால் தோலை ஒரு கீறு கீறிவிட்டுச் சொன்னார்: "சுரண்டாமலே ஒட்டியிருக்கான் தம்பி. இது எங்க நிக்கும்?"

தோலின் மேல்பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் பசை தடவ வேண்டும். இருநூறு ரூபாய்ச் செருப்புக்கே அவர் அதைச் செய்கிறார். உங்கள் தொழிற்சாலைகளிலும் முறை அதுதான்: தேய்ப்பது, பசை நன்றாகப் பிடிக்கப் பிரைமர் என்ற முதல் பூச்சு அடிப்பது, பசை, சூடு, அழுத்தம். இதில் முதல் வேலை என் இடது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் நடக்கவில்லை. வலது ஷூ இன்றுவரை அசையவில்லை. ஈரக்காற்றுதான் காரணம் என்றால் இரண்டிலும் அல்லவா தெரிய வேண்டும்?

ஈரத்தால் கெடும் சோல் எப்படி இருக்கும் என்பது ஷூ சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1988-ல் டிங்கர் ஹாட்ஃபீல்டு வடிவமைத்த நைக்கியின் ஏர் ஜோர்டன் 3-க்கு மிட்சோல், அதாவது மேல்தோலுக்கும் அடிச் சோலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தை, பாலியூரித்தேன் நுரை. அதற்குப் பின் வந்த பல மாடல்களுக்கும் அப்படித்தான். காற்றிலுள்ள நீர் அந்த நுரையின் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வரும். ஹைட்ராலிசிஸ் என்பார்கள். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் அது நிற்காது. கடைசியில் விரலால் அமுக்கினால் நுரை பொடிப்பொடியாக உதிரும், சில சமயம் பிசுபிசுக்கும். அந்தக் காலத்து அசல் ஜோடிகளை இன்று போட்டு நடக்க முடியாமல் போனது இதனால்தான். 1985-ல் வந்த முதல் ஜோர்டனுக்கு ரப்பர் கப் சோல் (மேல்தோலைக் கிண்ணம் போல ஏந்தும் சோல்) என்பதால் அது இன்னும் தாக்குப்பிடிக்கிறது. இதெல்லாம் நாங்கள் வாங்கும் முன்னால் படித்துத் தெரிந்துகொள்ளும் சங்கதிகள். என் ஷூவின் மிட்சோலை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்கிறது, அமுக்கிய இடம் உடனே எழும்புகிறது. நுரை நன்றாகத்தான் இருக்கிறது, ஒட்டுதான் விட்டுப்போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கோளாறு. புகார் படிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவரை உட்காரவைப்பது உங்களுக்குப் பெரிய செலவாகிவிடாது.

எங்கள் வீட்டில் இன்னமும் நெல் விவசாயம்தான். ஈரப்பதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும் வருடங்களில் ரோட்டோரம் நெல்லைப் பரப்பிப் போட்டு, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அப்பா ராத்திரியெல்லாம் காவல் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அங்கேகூட ஒரு பிடி நெல்லை அள்ளி மீட்டரில் போட்டு, எண்ணைக் காட்டித்தான் இல்லை என்கிறார்கள். நீங்கள் எதை அளந்தீர்கள்? இந்த ஷூவுக்கு நான் கொடுத்தது 18,000 ரூபாய். 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஏழு குவிண்டால் நெல்லின் விலையை வாங்கிக்கொண்டவர்கள், பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குறை எங்கள் ஊருடையது என்று எழுதுவதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது உத்தரவாதம். இதில்தான் ரீஸ்டாக், அதாவது தீர்ந்துபோன மாடலை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவரும் விவகாரமும் சேர்ந்து வருகிறது.

நான் வாங்கியது ரீஸ்டாக்கில். மறுபடி வருகிறது என்று ஆப்பில் அறிவிப்பு வந்ததும் எங்கள் கூட்டமே பரபரத்தது. புதிதாகத் தயாரித்துக் கொண்டுவருகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வீட்டுக்கு வந்த பெட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்தால், தயாரித்த மாதமும் வருடமும் நான் வாங்கிய நாளுக்கு இரண்டு வருடத்துக்கும் மேல் முந்தையவை. எங்கேயோ கிடங்கில் தங்கிப்போன சரக்கு. உத்தரவாத விதியைத் தேடிப் படித்தால், தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருடம் என்று இருக்கிறது. அதாவது யுபிஐயில் பணம் போன அந்த நிமிடத்திலேயே என் ஷூவுக்கு உத்தரவாதம் இல்லை. பழைய சரக்கை விற்பதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். பழையது என்று சொல்லி, விலையையும் அதற்குத் தக்கபடி வைத்து விற்கலாம், வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். முழு விலைக்கு, ரீஸ்டாக் என்ற பெயரில், தேதியை மறைத்து விற்பது நேர்மை ஆகாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஈரம்தான் இந்த ஷூவைக் கெடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். என் வீட்டில் அது இருந்தது சில மாதங்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்கும் மேலான காலம் தொழிற்சாலையிலும் கப்பல் கன்டெய்னரிலும் துறைமுகத்திலும் உங்கள் கிடங்கிலும் இருந்திருக்கிறது. உங்கள் ஷூக்களில் பெரும்பகுதி வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகிறது. வியட்நாமும் இந்தோனேசியாவும் எங்கள் ஊரைவிடக் காய்ந்த பூமி இல்லையே. அங்கேயெல்லாம் ஈரம் எதுவும் செய்யாமல் கும்பகோணத்துக்கு வந்ததும்தான் வேலையைக் காட்டியது என்பதை எப்படி நம்புவது?

விளம்பரத்தில் வருடத்தைப் பெரிதாகப் போட்டுத்தான் இந்த ஷூக்களை விற்கிறீர்கள். 1917-ன் ஆல் ஸ்டார், 1973-ன் பூமா கிளைட், 1982-ன் ஏர் ஃபோர்ஸ் 1, கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சன் போட்ட 1996-ன் ரீபாக் க்வெஸ்டியன். நாங்களும் அந்த வருடத்துக்காகத்தான் வாங்குகிறோம். முதன்முதலில் எந்த வருடம் வந்தது என்று சொல்லத் தெரிந்த உங்களுக்கு, கையில் கொடுக்கும் ஜோடி எந்த வருடம் தைக்கப்பட்டது என்றும் சொல்லத் தெரியும். பெட்டி மேல் அது அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர் பணம் கட்டும் திரையில் மட்டும் அது இல்லை.

எங்கள் கூட்டத்துக்குள் எல்லாவற்றிலும் ஒரே கருத்து இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் விளையாடி முடித்து டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு இதில்தான் போய் நிற்கும். ரீஸ்டாக் அடிக்கடி வந்தால் தான் பத்திரமாக வைத்திருக்கும் ஜோடிக்கு மதிப்பு போய்விடும் என்று மன்னார்குடி நண்பர் சண்டைக்கே வருவார். அவர் ஷூவைப் போடுவதில்லை, வைத்திருப்பார். தையலும் பெயின்ட்டும் சரியாக இருந்தால் அவருக்குப் போதும், சோலைப் பற்றிக் கவலையில்லை. பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் அண்ணன் ஒருவருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஷூ என்றால் குதித்து இறங்கினால் தாங்க வேண்டும், தாங்காததைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து என்ன செய்வது என்பார். நான் அண்ணன் பக்கம். ரீஸ்டாக் நிறைய வரட்டும். போட ஆசைப்படுகிறவனுக்கு எம்ஆர்பி விலையில் கிடைக்கட்டும். சேகரிக்கிறவனுக்குத் தன் ஜோடி மேல் இருக்கும் பிரியம் அதனால் குறைந்துவிடாது.

தரம் என்று வந்தால், எதைக் குறை என்று சொல்லலாம் என்பதிலும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. தோலின் சுருக்கமும் வரிகளும் ஜோடிக்கு ஜோடி மாறுவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், தோல் அப்படித்தான் இருக்கும். ஆனால் குதிகாலில் அடித்த லோகோ ஒரு ஷூவில் நேராகவும் மற்றதில் சாய்ந்தும் இருப்பது, மிட்சோல் பெயின்ட் மேல்தோலுக்கு வழிந்திருப்பது, ஒரே பெட்டியில் ஒன்பதும் ஒன்பதரையும் சேர்ந்து வருவது, இதையெல்லாம் கைவேலையின் இயல்பான வேறுபாடு என்று பதில் எழுதாதீர்கள். பெட்டியை மூடும் முன்னால் ஒருவர் ஒரு நிமிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. செய்யாறிலும், எங்களுக்குப் பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டம் எறையூரிலும் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் காலணி தயாராகிறது. அந்த வேலைக்கு எவ்வளவு கை நேர்த்தி வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். பார்த்துச் சரி செய்ய நேரம் கொடுக்க வேண்டியது நீங்கள்.

ரீஸ்டாக் நடக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறிவித்த நேரத்துக்கு ஆப்பைத் திறந்து, சைஸ் தேர்ந்தெடுத்து, ஓடிபி வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்று வருகிறது. அன்று மாலையே அதே ஷூ, பெட்டி பிரிக்காமல், சைஸ் வரிசையாக ரீசெல்லர்களிடம் இருக்கிறது, எம்ஆர்பிக்கு மேல் எவ்வளவோ வைத்து. ஒரே ஆள் பத்து ஜோடி வாங்க உங்கள் ஆப் விடுகிறது என்றுதானே அர்த்தம்? அதற்கும் தப்பிக் கூடையில் போட்டுவிட்டால் பின்கோடு கேட்கும். வலங்கைமான் பக்கத்து முகவரி போட்டால் டெலிவரி இல்லை என்று வருகிறது. டெலிவரி உள்ள ஊருக்கும் ரிட்டர்ன் பிக்கப் இல்லை என்கிறார்கள். வேண்டுமானால் வாங்கியவரே கூரியர் செலவு போட்டு பெங்களூருப் பக்கத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், வழியில் தொலைந்தால் யாரும் பொறுப்பில்லை. சென்னையில் இருக்கிறவர் கடைக்கு நேரே போய் மேசை மேல் ஷூவை வைத்துக் கேட்க முடிகிறது. அதே விலையைக் கொடுக்கும் நாங்கள் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம்.

இதன் விளைவு விளையாடும் கோர்ட்டில் தெரிகிறது. பள்ளி அணியில் விளையாடும் பையன்கள் திருச்சிக்குப் போய் ஃபர்ஸ்ட் காப்பி என்ற போலி ஷூவை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பார்க்க அச்சு அசல் அதே ஷூ. உள்ளே குஷன் கிடையாது, கணுக்கால் பக்கம் வெறும் அட்டை. ஓடிக் குதித்துக் கூடைக்குப் பக்கத்தில் பந்தைப் போடும் லே-அப் முடித்து இறங்கும்போது கால் மடங்கிச் சுளுக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அசல் கேட்காமல் இல்லை அவர்கள். அவர்கள் ஊருக்கு அசல் வரவில்லை, வந்தாலும் கெட்டுப்போனால் கேட்க நாதியில்லை.

2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுச் சரக்கு குறைந்ததற்கு அதைத்தான் காரணமாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். தரம் கூடுமென்றால் காத்திருக்கலாம் என்று நாங்களும் பொறுத்துக்கொண்டோம். சட்டம் எங்களுக்கு என்ன கொடுத்திருக்கிறது என்பதும் தெரியும். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2020-ன் மின்வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். படிக்காமல் அனுப்பும் மறுப்பு, தீர்வு ஆகாது.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை:

ஆப்பிலும் தளத்திலும் விற்கும் ஒவ்வொரு ரெட்ரோ ஜோடிக்கும் தயாரித்த மாதமும் வருடமும், மிட்சோல் பாலியூரித்தேனா, ஈவிஏ என்ற வேறு வகை நுரையா, ரப்பரா என்பதும், பணம் கட்டும் முன்னால் திரையில் தெரிய வேண்டும். கிடங்கில் இருந்த சரக்கை மறுபடி விற்பதானால் அப்படியே சொல்லி விற்க வேண்டும்.

உத்தரவாதத்தை வாங்கிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இது எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியம். ஒரு பொருள் உங்கள் கிடங்கில் கிடந்த காலத்துக்கு வாங்கியவர் எப்படிப் பொறுப்பாவார்?

ஷூவை நேரில் வாங்கிப் பார்க்காமல் ஈரப்பதம் என்ற காரணத்தைச் சொல்லி எந்தப் புகாரையும் மூடக்கூடாது. மூடுவதானால் எந்தப் பாகம், என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒட்டு விட்டதற்கும் நுரை உதிர்வதற்கும் வித்தியாசம் தெரிந்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு ரீஸ்டாக்கில் ஒருவருக்கு ஒரு ஜோடி என்று வையுங்கள். முந்திக்கொள்ளும் போட்டிக்குப் பதிலாகப் பெயர் பதிந்து குலுக்கல் முறையில் கொடுங்கள். எத்தனை ஜோடி வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் எல்லாப் பின்கோடுகளுக்கும் டெலிவரியும் ரிட்டர்ன் பிக்கப்பும் வேண்டும். பழுதுபார்க்கத் திருச்சியில் ஒரு இடம் வையுங்கள். ஒட்டு விட்ட சோலைச் சரியாகத் தேய்த்து மறுபடி ஒட்டிக்கொடுக்க, அதற்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ள உங்களால் முடியும். எங்களில் பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, ஷூ பிழைத்தால் போதும் என்றுதான் கேட்கிறோம்.

எனக்குப் பதில் அனுப்பிய நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று. அந்த ஜோடி என்னிடம் அப்படியே இருக்கிறது. தைக்கவில்லை, பசை போடவில்லை. பெட்டி, பில், லேபிள் எல்லாம் பத்திரம். ஆளனுப்பி வாங்கிக்கொண்டு போய்ப் பரிசோதித்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். இந்த மடல் வெளியான நாளிலிருந்து ஒரு மாதம் பார்ப்பேன். வராவிட்டால் அந்த ஷூவோடு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். மயிலாடுதுறை, மன்னார்குடி நண்பர்களும் தங்கள் மனுக்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்